மடிப்பக்கா பின்னால் வந்த நாற்காலிகள்

உட்கார்ந்த குற்றத்துக்காக மடிப்பக்கா கடைக்குக் கட்டவேண்டிய அபராத பாக்கி நாலாயிரத்து எழுநூற்று இருபதைத் தொட்ட வாரத்தில்தான் நாற்காலிகள் அவள் பின்னால் நடந்து வர ஆரம்பித்தன. முதலில் வந்தது முடிவெட்டும் கடையின் மடக்கு நாற்காலி. வேலை முடிந்து அவள் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது பின்னால் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தாள், நாற்காலி நின்றது. நடந்தாள், அதுவும் நடந்தது. நாயை விரட்டுவதுபோல "ச்சூ, போ" என்றாள். போகவில்லை. மரியாதையாக நாலடி தள்ளி நின்றுகொண்டது. கால் இரண்டும் கடுத்துக்கொண்டிருந்ததால், பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று அதில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். அவள் செய்த தப்பு அதுதான் என்று அவள் வீட்டுக்காரர் பிற்பாடு சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுக்கு இடம் கொடுத்தால் மற்றது சும்மா இருக்குமா? மறுநாள் பல் டாக்டர் வீட்டு வாசலில் கிடந்த இரண்டும், அதற்கடுத்த நாள் ஜெராக்ஸ் கடை பிளாஸ்டிக் நாற்காலியும் வந்து சேர்ந்தன. மாதக் கடைசியில் கல்யாண மண்டபத்திலிருந்து வரிசையாக ஒரு கூட்டமே வந்தது. சொந்தக்காரர்கள் வந்து திட்டிக்கொண்டே தூக்கிப் போவார்கள். சாயங்காலம் பார்த்தால் அவை திரும்பவும் அவள் பின்னால் வந்துகொண்டிருக்கும்.

அவள் வேலை பார்த்தது நாலு மாடித் துணிக்கடையில். வருகிறவர்கள் முப்பது துணியைப் பிரித்துப் போட்டுவிட்டு, "இன்னொரு நாள் வர்றோம்" என்று போவார்கள். அந்த முப்பதையும் யாருமே தொடாதது மாதிரி மடித்து அடுக்குவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அதனால்தான் சின்னப் பெண்கள் எல்லோருக்கும் அவள் மடிப்பக்கா. கடையின் சட்டம் என்னவென்றால், ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்குகிறவரை வேலைக்காரர்களின் முழங்கால் மடங்கக் கூடாது. இதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசருக்கு முட்டி என்று பெயர். அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதில்லை, முட்டியைத்தான் பார்ப்பார். யாருக்காவது முட்டி கொஞ்சம் மடங்கினால் அபராதம். சம்பளத்தில் பிடித்தது போக மிச்சமிருந்தால் கடன் என்று எழுதிவைப்பார்கள். அந்தக் கடன் தீராமல் வேலையை விட முடியாது. விட்டால் இன்னொரு கடைக்காரர் சேர்த்துக்கொள்ள மாட்டார். இது கடைக்காரர் தானாகச் செய்த அநியாயமும் இல்லை. அரசாங்கத்தின் கடைகள் சட்டத்திலேயே, வேலை செய்பவர் வேலை நேரம் முழுவதும் வாடிக்கையாளருக்காகத் தயாராக நிற்க வேண்டும் என்று ஒரு வரி இருந்தது. அதை எழுதியவர் உட்கார்ந்துகொண்டுதான் எழுதியிருப்பார். மடிப்பக்காவின் வலது முழங்காலைப் பார்த்த டாக்டர், இப்படியே நின்றால் சீக்கிரத்தில் படி ஏற முடியாது என்று சொல்லியிருந்தார். உட்கார்ந்தால் கடன் ஏறும், நின்றால் கால் போகும். இதுதான் அவள் நிலைமை.

அவள் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். நாள் முழுக்க உட்கார்ந்தே அவருக்கு முதுகு போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் அவர் நின்றுகொண்டு சாப்பிடுவார், அவள் உட்கார்ந்துகொண்டு பரிமாறுவாள். "எனக்கு உக்கார்ற வேலை, உனக்கு நிக்கிற வேலை. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு முழு ஆள் தேறும்" என்பார். மண்டபக் கூட்டம் வந்த அன்றைக்கு வாசலில் வரிசையாக நின்ற நாற்காலிகளைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவங்கல்லாம்?" என்றார். "தெரியலைங்க, கூடவே வருது." "சாப்பாடு கேக்குமா?" "அதெல்லாம் ஒண்ணும் கேக்கல." "அப்ப இருந்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, மழையில் நனையாமல் இருக்க மேலே ஒரு தார்ப்பாயை இழுத்துக் கட்டினார். பஸ்ஸில் அவள் ஏறினால் அவையும் ஏறின. நாற்காலிக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டர் டெப்போவில் எழுதிக் கேட்டார். ஆள் உட்கார்ந்திருந்தால் ஆளுக்கு மட்டும் டிக்கெட், காலியாக வந்தால் சுமைக் கட்டணம் என்று பதில் வந்தது. அன்றிலிருந்து அந்தப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனவர் எவரும் இல்லை.

துணிக்கடை முதலாளி முதலில் குதித்தார். வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் வியாபாரம் என்னாவது என்று வாட்ச்மேனை விட்டு விரட்டச் சொன்னார். ஆனால் நாற்காலிகளை வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் வந்ததோடு ஆளுக்கொரு துணியும் வாங்கிப் போனதால், வாசல் வரைக்கும் வரலாம், உள்ளே வரக் கூடாது என்று சமாதானமாகிவிட்டார்.

அப்படி வந்த கூட்டத்தில் கழுத்தில் அளவெடுக்கும் டேப்போடு ஒரு பெண் இருந்தாள். டெய்லர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அவள் வேலை பார்த்தது பூட்டுச் சாவி கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்த ஒரு ஆராய்ச்சி ஆபீஸில். வேலை செய்கிறவர்களுக்கு உடம்பில் என்னென்ன கேடு வருகிறது என்று அளந்து எழுதி, அதை அரசாங்கத்தின் முன்னால் வைத்துச் சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்பது, இல்லையென்று சொன்னால் மறுபடியும் போய்க் கேட்பது, இதுதான் அங்கே வேலை. "அக்கா, எங்க ஆபீஸ் நாற்காலி உங்க பின்னால வந்திருக்குன்னு சொன்னாங்க" என்றாள். "எது உங்களுதுன்னு பாத்து எடுத்துக்கோம்மா." "எடுக்க வரலக்கா. அது ஏன் வந்துச்சுன்னு கேக்க வந்தேன்." இத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவள்தான். மடிப்பக்காவுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து அவள் பெயர் டேப்பு.

டேப்பு கடைவீதி முழுக்க ஏறி இறங்கினாள். நாள் முழுக்க நிற்கிறீர்களே, என்னென்ன செய்கிறது என்று ஒவ்வொரு கவுண்டராகப் போய்க் கேட்டு எழுதினாள். அங்கேதான் காரியம் கெட்டது. கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் வந்து நின்றால் சிரிக்க வேண்டும், எது கேட்டாலும் நல்லபடியாகச் சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்களுக்கு எலும்பு வரை ஊறியிருந்தது. "கால் வலிக்குதா?" "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க மேடம், நல்லா இருக்கோம்." "இடுப்பு?" "இடுப்பும் நல்லா இருக்குங்க மேடம். வேற என்ன கலர்ல பாக்குறீங்க?" மடிப்பக்காவே அப்படித்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூச்சத்தில் டேப்பு வாங்கிப் போன துணிகளால் கடைகளுக்கு வந்ததைத் தவிர அந்த ஆராய்ச்சியால் யாருக்கும் லாபமில்லை. அறிக்கையைப் படித்த தொழிலாளர் துறை அதிகாரி கெட்டவர் இல்லை, டீ வாங்கிக் கொடுத்துத்தான் சொன்னார். "எல்லாரும் சந்தோஷமா இருக்காங்கன்னு நீங்களே எழுதிக் கொண்டுவந்திருக்கீங்க. இத வச்சுக்கிட்டு நான் எந்தச் சட்டத்தம்மா மாத்துறது?"

டேப்பு மடிப்பக்கா வீட்டுக்கு வந்து, வாசலில் இருந்த நாற்காலிகளில் ஒன்றில் தொப்பென்று விழுந்து அழுதாள். நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்த டிரைவர்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தார். "நீ போய்க் கவுண்டர்ல நின்னு கேட்டா அவங்க எப்படிம்மா உண்மையச் சொல்லுவாங்க? இவளையே எடுத்துக்கோ. கடை விட்டு வந்து அரை மணி நேரம் என்கிட்டயும் அப்படித்தான் சிரிக்கிறா. செருப்பக் கழட்டி உக்காந்த பிறகுதான் திட்டவே ஆரம்பிப்பா." மடிப்பக்கா அவரை ஒரு முறை முறைத்தாள். ஆனால் டேப்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அவள் சொல்லியனுப்பியபடி, வார லீவு நாளில் பஸ் டெப்போவின் காலி இடத்தில் கடைவீதிப் பெண்கள் கூட்டம் கூடியது. நாற்காலிகள் முன்னாலேயே போய் வட்டமாக நின்றிருந்தன. வந்த பெண்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். உட்கார்ந்ததும் எல்லோருக்கும் வாயிலிருந்து ஒரே மாதிரி ஒரு சத்தம் வந்தது, பஸ் பிரேக்கில் காற்று போகிற மாதிரி. இரண்டு பேர் தூங்கியே போனார்கள். பொத்தான் பிரிவில் இருந்த பெண் கைப்பையை மடியில் வைக்கப் போய் அது கவிழ்ந்து, உள்ளேயிருந்து ஒரு ஜோடிச் செருப்பு விழுந்தது. அவள் காலுக்கு அது பெரிது. வெட்கத்தோடு சட்டென்று எடுத்து ஒளிக்கப் பார்த்தாள். "அது யாருதுடி?" "என்னுதுதான்க்கா. சாயங்காலம் போடுறது." கடை சாத்தும்போது கால் வீங்கிவிடுவதால் காலையில் போட்டு வந்த செருப்பு நுழையாது என்றும், அதற்காக ஒரு அளவு பெரிதாக இன்னொன்று வைத்திருப்பதாகவும், தனக்கு ஏதோ வியாதி என்று பயந்து வீட்டில்கூடச் சொல்லவில்லை என்றும் தலையைக் குனிந்துகொண்டே சொன்னாள். மடிப்பக்கா தன் பையைத் திறந்து தன்னுடைய பெரிய செருப்பை எடுத்துக் கீழே வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் தன்னுடையதை வைத்தாள். அப்புறம் வட்டம் முழுக்கப் பைகள் திறந்தன. வருஷக் கணக்காக அடுத்தடுத்த கவுண்டரில் நின்றவர்கள், எனக்கு மட்டும்தான், எனக்கு மட்டும்தான் என்று ஒவ்வொருவரும் ஒளித்து வைத்திருந்தார்கள். முதலில் ஒருத்தி சிரித்தாள், பிறகு எல்லோரும் கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்கள். டேப்பு கழுத்திலிருந்த டேப்பை எடுத்தாள். அந்த வருஷம் முழுக்க ஷட்டர் ஏறுகிற நேரத்திலும் இறங்குகிற நேரத்திலும் பின்வாசலில் குந்தியிருந்து கால்களை அளந்தாள். அறிக்கைக்குக் காலைச் செருப்பும் மாலைச் செருப்பும் என்று பெயர் வைத்தாள். அதிகாரியின் மேஜைமேல் அதை வைத்தபோது பக்கத்தில் ஒரு ஜோடி சின்னதும் ஒரு ஜோடி பெரியதும் வைத்தாள். இந்தத் தடவை அவர் டீ சொல்ல மறந்துவிட்டார்.

ஆனாலும் அரசாங்கம் ஒரு இடம்விட்டு நகர்வதென்றால் லேசான காரியமா? ஒரு தேர்தல் வந்து போனது, மந்திரி மாறினார், அதிகாரி மாறினார், செருப்பை மட்டும் யாரும் மாற்றவில்லை. லீவு நாளெல்லாம் மடிப்பக்காவும் டேப்புவும் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார்கள். நாற்காலிகள் கூடவே வந்ததால் அவர்கள் போகிற ஆபீஸில் காத்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. இது தெரிந்து, ஓய்வூதியக்காரர்களும் பட்டா வாங்க வந்தவர்களும், மடிப்பக்கா என்றைக்கு வருவாள் என்று விசாரித்துக்கொண்டு அன்றைக்கே வந்தார்கள். கடைசியில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். கடைக்காரர்கள் சார்பில் வந்தவர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி, "பின்னாலயே ஒரு கல்யாண மண்டபம் வருது. இவங்களுக்கு எதுக்குங்க தனியா ஒரு சட்டம்?" என்றார். குழுவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மடிப்பக்காவும் கவுண்டர் சிரிப்புச் சிரித்தாள். பிறகு அந்தச் சிரிப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, "அதெல்லாம் வாசல் வரைக்கும் தாங்க. எங்களுக்கு வலிக்கிறது உள்ள" என்றாள். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை. அடுத்த மாதமே சட்டம் வந்தது. ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு தளத்திலும் வேலை செய்பவர்களுக்காக நாற்காலி வைக்க வேண்டும். டெப்போவில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார்கள். டிரைவர் நாள் முழுக்கத் தேவையில்லாமல் ஹாரன் அடித்துக்கொண்டு ஓட்டினார்.

கடைகள் நாற்காலி வாங்கி வைத்தன. மடிப்பக்காவின் தளத்தில் பில் மேஜைக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பணியாளர் நாற்காலி என்று அட்டை தொங்க ஒன்று வந்து நின்றது. முட்டி தினமும் அதைத் துணியால் துடைத்தார். முதல் நாள் அதில் போய் உட்கார்ந்த மடிப்பக்காவுக்கு உடனே அபராதம் எழுதினார். "சார், சட்டம் வந்துருச்சு சார்." "வந்துருச்சும்மா, யாரு இல்லேன்னா? நாற்காலி வைக்கணும்னு வந்துருக்கு, வச்சாச்சு. உக்காரலாம்னு எங்க இருக்கு, காட்டு." காட்ட முடியவில்லை. இந்தச் சட்டம் கேட்டு மனுவை எழுதிக் கொடுத்தவள் டேப்பு. பிறந்ததிலிருந்து வேண்டியபோதெல்லாம் உட்கார்ந்தே வளர்ந்தவள் அவள். நாற்காலி எதற்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. நின்று நின்றே வேலை பார்த்த மடிப்பக்காவுக்கும், நாற்காலி வந்தாலே போதும் என்று இருந்ததால், தோன்றவில்லை. அன்று சாயங்காலம் தெருவில் இருந்த நாற்காலிகள் எல்லாம் மல்லாந்து படுத்துக் காலை மேலே தூக்கிக்கொண்டன. மூன்று நாள் எழுந்திருக்கவில்லை. பஸ்கள் சுற்றிக்கொண்டு போயின. மடிப்பக்கா அந்த மூன்று நாளும் வேலைக்குப் போய்வந்தாள், வேறு என்ன செய்வாள்? கடன் அப்போது ஒன்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. வீட்டுப் படி இரண்டையும் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறினாள்.

மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டின்போது அவளாகவே பேச்செடுத்தாள். "என்னங்க, உங்க டெப்போ வண்டியெல்லாம் எந்தெந்த ஊருக்குப் போகுது?" "எல்லா ஊருக்கும்தான். ஏன், எங்கயாவது போறியா?" "நான் போகல. டேப்பு போகணும். எல்லாக் கடையிலயும் அந்தப் பிளாஸ்டிக் கிழிஞ்சிருக்கா இல்லையான்னு பாக்கணும்." மறுநாள் காலையில் அவள் வாசலுக்கு வந்ததும் நாற்காலிகள் ஒவ்வொன்றாக எழுந்து, முதுகில் ஒட்டிய மண்ணை உதறிக்கொண்டு வரிசையில் நின்றன. டிரைவர்கள் அத்தனை பேரும் சேர்ந்து டேப்புவை ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு ஏற்றிக்கொண்டார்கள். அவள் இந்த முறை யாரிடமும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. துணி வாங்குகிறவள்போல உள்ளே போய் நாற்காலியை மட்டும் பார்த்துவிட்டு வந்தாள். உட்காருகிற நாற்காலியில் உறை ஒரு வாரம் தாங்காது. அவள் பார்த்த கடைகளில் மாதக் கணக்காகியும் உறைகள் பளபளவென்று இருந்தன. ஒரு கடையில் உறைக்குள்ளேயே பல்லி முட்டையிட்டு, குஞ்சு பொரித்துப் பெரிதாகியிருந்தது. இதையெல்லாம் சின்ன அறிக்கையாக எழுதி, கீழே மூன்று வரி சேர்த்தாள். வேலை நேரத்தில் உட்காரலாம். உட்கார்ந்ததற்கு அபராதம் கூடாது. முன்பு போட்ட அபராதமும் செல்லாது. அந்த மூன்று வரியையும் மடிப்பக்கா கடைக்காரர் கண்ணால் படித்துப் பார்த்தாள், முட்டி கண்ணாலும் ஒரு தடவை படித்துப் பார்த்தாள், எங்கேயாவது நழுவ வழியிருக்கிறதா என்று. இல்லை என்று தெரிந்த பிறகுதான் கொடுக்கவிட்டாள்.

சட்டசபையில் அது விவாதத்துக்கு வந்த காலையில் மடிப்பக்கா லீவு போட்டுவிட்டு வந்து பார்வையாளர் வராந்தாவில் நின்றிருந்தாள். கூட்டம் தொடங்கி மணி அடித்ததும், உள்ளே இருந்த குஷன் வைத்த கனமான நாற்காலிகள் உறுப்பினர்களை மெதுவாக முன்னால் சாய்த்து இறக்கிவிட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து அவள் பின்னால் வரிசையாக நின்றன. தலைவர் நாற்காலி மட்டும் கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு அதுவும் படியிறங்கி வந்துவிட்டது. காவலர்கள் தூக்கிப் பார்த்தார்கள், அசையவில்லை. நாற்காலி எழுந்து போனதற்காகச் சபையை ஒத்திவைக்க விதி ஒன்றும் இல்லாததால் நின்றுகொண்டே நடத்தினார்கள். இந்த மாதிரி மசோதா என்றால் நாலு நாள் பேசுகிறவர்கள் அவர்கள். அன்றைக்கு ஆளுக்கு இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசவில்லை. அறிக்கை எல்லோர் மேஜையிலும் இருந்தது. அதைப் பல தடவை உட்கார்ந்து படித்துவிட்டு மூடிவைத்தவர்கள்தான். இப்போது ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டு படித்தார்கள். நின்று படித்தபோது அது நன்றாகப் புரிந்தது. தூணில் சாய்ந்திருந்த வயசான உறுப்பினர் ஒருவர், கதவருகே நின்ற காவலரைப் பார்த்து, "இப்படியேயாப்பா அவங்க நாள் முழுக்க நிக்கிறாங்க?" என்றார். "ஆமாங்கய்யா. நானும்தான்" என்றார் காவலர். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கின. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் சட்டம் நிறைவேறியது. நாற்காலிகள் வந்த வழியே உள்ளே போயின. செய்தித்தாள்கள் மசோதாவைப் பற்றி ஒரு பத்தியும், அன்றைய வெயிலைப் பற்றி ஒரு பத்தியும் எழுதின.

தெரு நாற்காலிகள் அந்த மாதம் முழுக்க ஒன்றிரண்டாகத் தத்தம் இடத்துக்குத் திரும்பின. சில மட்டும் போகிற வழியில் மனசு மாறி, பாங்கி வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலாளி பின்னாலும், நாற்சந்தியில் கை காட்டும் போலீஸ்காரர் பின்னாலும் போய் நின்றுகொண்டன. டேப்பு அங்கேயும் போக ஆரம்பித்துவிட்டாள். முடிவெட்டும் கடையின் மடக்கு நாற்காலி எங்கும் போகவில்லை. அது கடைக்குள்ளே வந்து மாடி ஏறி மடிப்பக்காவின் கவுண்டர் பக்கத்தில் விரிந்து நின்றது. முடிவெட்டுகிறவர் வந்து பார்த்துவிட்டு, "இருக்கட்டும்க்கா, அதுக்கு அங்க பிடிச்சிருக்கு" என்று போய்விட்டார்.

கணக்கைத் தீர்க்க முட்டி வந்தது ஒரு மத்தியானத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில். மடிப்பக்கா துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி கையெழுத்துப் போட்ட தாளை மேஜைமேல் வைத்து, ஒன்பதாயிரத்து நூற்று அறுபது என்று இருந்ததன் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டு, செல்லாது என்று எழுதினார். "அவ்வளவுதாம்மா. உனக்கும் கடைக்கும் பாக்கி ஒண்ணும் இல்ல. வேணும்னா வேற கடைக்குக்கூடப் போகலாம்." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பேசினார். அவளும் அவரைப் பார்த்தாள். இவரும்தான் ஷட்டர் ஏறியதிலிருந்து நின்றுகொண்டிருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. "எங்கயும் போகல சார். உக்காருங்க." "நானா? எனக்கெல்லாம் சட்டத்துல இருக்கா?" "வேலை செய்றவங்கன்னுதான் போட்டிருக்கு. நீங்க என்ன, சும்மாவா சம்பளம் வாங்குறீங்க?" அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, மடக்கு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். கொஞ்சம் பின்னால் சாய்ந்தார். வாயிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. அவள் ஒரு துணியை மடித்து முடிப்பதற்குள் தூங்கிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு அம்மா மகளோடு படியேறி வந்து, "கொஞ்சம் நகருங்க" என்றாள். நாற்காலி முட்டியையும் தூக்கிக்கொண்டு அலுங்காமல் இரண்டடி தள்ளிப் போய் நின்றது. "தேங்க்ஸ்" என்று அதனிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா துணி கேட்டாள். மடிப்பக்கா உதட்டில் விரலை வைத்துக் காட்டி, பிளாஸ்டிக் உறை பிரித்துப் போட்டிருந்த பணியாளர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எந்தக் கலரில் வேண்டும் என்று ரகசியம்போலக் கேட்டு, ஒவ்வொரு துணியாகச் சத்தமில்லாமல் பிரித்துக் காட்டினாள். முட்டி சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. அவருக்கு யாரும் அபராதம் எழுதவுமில்லை.